சுவருக்கு வடக்கே

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் கடல் தெரியாது. ஒரு பக்கம் ராஜாஜி சாலை, பர்மா பஜார் கடைகள். இன்னொரு பக்கம் துறைமுகம். பெயரில் மட்டும்தான் கடற்கரை.

சின்ன வயதில் நைனாவிடம் கேட்டிருக்கிறேன், "பீச் ஸ்டேஷன்ல பீச் எங்க நைனா?" என்று. அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். "நாங்க வேலை செய்ற எடத்துக்கு அடியில இருக்குடா" என்றார். என்னைச் சமாளிக்க ஏதோ சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். அது அப்படியே உண்மை. ராஜாஜி சாலைக்கு வெள்ளைக்காரர் காலத்துப் பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். அந்தச் சாலையில் வரிசையாக நிற்கும் பெரிய கட்டடங்களெல்லாம் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. அவற்றுக்கு முன்னால் இருந்த கரை இப்போது துறைமுகத்துக்குள் மண்ணாகவும் காங்கிரீட்டாகவும் கிடக்கிறது.

நைனாவின் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம். அம்மாவைப் பெற்ற ஆயாவோ திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் இருந்தார். அந்தக் குப்பத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. எங்களுக்குச் சோறு போட்டதும் ஆயாவின் தெருவைக் கடலுக்குக் கொடுத்ததும் ஒரே சுவர்தான் என்பது எனக்குப் புரிய ரொம்ப வருடங்கள் ஆயின. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இடம் பிடித்தபோது இங்கே துறைமுகத்துக்கான எந்த வசதியும் இல்லை. வளைகுடா கிடையாது. மறைப்புக்கு ஒரு தீவு கிடையாது. கூவத்தின் முகத்துவாரம் வருடத்தில் பல மாதம் மணல் மூடிக் கிடக்கும். நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு கரை, அதில் ஓயாமல் உடையும் அலை, அவ்வளவுதான். கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அங்கிருந்து கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள்.

அந்தப் படகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்வார்கள். ஆணி அடித்த படகு அலை உடையும் இடத்தில் தரை தட்டினால் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்துகொடுக்கும், அடுத்த அலையில் மறுபடி எழும்பும். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மெட்ராஸின் வியாபாரம் மொத்தமும் இந்தத் தையலை நம்பித்தான் நடந்தது. அதை ஓட்டியவர்களின் ஊர்தான் ராயபுரம். ராயப்பர் என்றால் பேதுரு. அவர் பெயரில் அங்கே படகுக்காரர்கள் எழுப்பிய கோயில் இன்றும் இருக்கிறது. நைனா வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்தே அந்தக் கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவர் இந்து. அதெல்லாம் அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

படகில் நனைந்ததும் உடைந்ததும் திருடு போனதும் அதிகம் என்று வியாபாரிகள் சலித்துக்கொண்டே இருந்தார்கள். 1861-ல் இரும்புத் தூண்களைக் கடலுக்குள் இறக்கி ஒரு பாலம் போட்டார்கள். 1868-லும் 1872-லும் அடித்த புயல்கள் அதை உதவாமல் செய்துவிட்டன. 1872 மே மாதப் புயலில், வெட்டவெளியில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களும் கரையில் வந்து மோதின. அதற்கப்புறம்தான் சுவர் கட்டியே தீர வேண்டும் என்று முடிவானது.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் இந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தார். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவர். 8-ஆம் தேதி கொழும்பில் அலைத்தடுப்புச் சுவருக்கு முதல் கல், 15-ஆம் தேதி சென்னையில் அடிக்கல். ஒரே வாரத்தில், ஒரே கையால், இரண்டு துறைமுகங்கள். கொழும்பின் கதை தனியாக எழுத வேண்டியது.

சென்னைக்குத் திட்டம் போட்டவர் வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர். கராச்சியில் மனோரா முனையில் அலைத்தடுப்புச் சுவர் கட்டிய அனுபவம் உள்ளவர். அவர் வரைந்தது எளிய வடிவம். கரையிலிருந்து இரண்டு சுவர்கள், ஒன்றுக்கொன்று 3,000 அடி இடைவெளியில், கடலுக்குள் நேராக 3,000 அடி போகும். அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்பும். நடுவில் கிழக்கைப் பார்த்து 550 அடி வாசல். நண்டு தன் இரண்டு கொடுக்கையும் நீட்டி நுனியை மட்டும் மடக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. உள்ளே 200 ஏக்கருக்கு மேல் அமைதியான தண்ணீர்.

முதலில் கருங்கல்லைக் கடலில் கொட்டி, தண்ணீருக்கு அடியிலேயே ஒரு நீளமான மேடு எழுப்பினார்கள். "பல்லாவரத்து மலையை அறுத்துக் கொண்டாந்து கடல்ல போட்டாங்க" என்று என் பெரியப்பா சொல்வார். அவருக்கு அவருடைய தாத்தா சொன்னதாம். மேட்டின் தலையைச் சமப்படுத்தி, அதன்மேல் காங்கிரீட் கட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் பல டன் எடை. அடுக்கிய விதம்தான் எனக்குப் பிடித்தது. சாதாரணச் சுவர் மாதிரி நேராக அடுக்கவில்லை. அலமாரியில் புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்குமே, அந்த மாதிரி சுவரின் நீளவாக்கில் சாய்த்து அடுக்கினார்கள். அடியில் இருக்கும் கல்மேடு ஒரே சீராக அமுங்காது. ஓரிடத்தில் அதிகம் அமுங்கினால் நேர்ச்சுவர் விரிசல் விடும். சாய்ந்த அடுக்கு என்றால் அந்தத் துண்டு மட்டும் கொஞ்சம் வழுக்கி இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கட்டிகளைத் தூக்கி வைத்தவை டைட்டன் என்ற நீராவிக் கிரேன்கள். கட்டிய சுவரின் தலைமேலேயே தண்டவாளம் போட்டு, கிரேன் அதில் நகர்ந்து தன் முன்னால் சுவரைக் கட்டிக்கொண்டே போகும்.

இப்படி ஆறு வருடம். வேலை முடிகிற தறுவாய். 1881 நவம்பர் 12 அன்று புயல் வந்தது.

அரை மைல் நீளத்துக்குச் சுவர் போயிற்று. மேலே இருந்த இரண்டு அடுக்குக் கட்டிகளைக் கடல் பிடுங்கித் துறைமுகத்துக்குள்ளேயே எறிந்தது. டைட்டன் கிரேன்களில் இரண்டு கவிழ்ந்தன. வேலைக்காகப் போட்ட ரயில் பாதை ஒன்றரை மைல் தூரத்துக்கு அடித்துப் போனது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த சேதம். தண்ணீருக்கு அடியில் நடந்ததுதான் பெரிய விஷயம் என்பேன். அந்த ஆழத்தில் கிடக்கும் கல்லை அலை அசைக்காது என்று நம்பித்தான் கல்மேட்டின் மேல் அவ்வளவு பாரத்தையும் ஏற்றியிருந்தார்கள். புயல் அந்த மேட்டையே கலைத்து, உயரத்தைக் குறைத்து, பக்கவாட்டில் பரப்பிவிட்டது. காலை வாரிவிட்ட பிறகு சுவர் எப்படி நிற்கும்?

மறுபடி கட்டி முடிக்க 1890-களின் நடுப்பகுதி ஆயிற்று. அத்தனை வருடம் அந்தக் கல்லோடு மல்லுக்கட்டியவர்கள்மீது எனக்கு உண்மையாகவே மரியாதை உண்டு. பொறியாளர்கள் பெயராவது ஆவணங்களில் இருக்கிறது. கூடை சுமந்தவர்கள், மூச்சடக்கி மூழ்கிக் கல்லை ஒழுங்கு செய்தவர்கள் யார் என்று தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை.

இன்னொன்று. சுவர் இருக்கிறது, அதனால் புயலில் கப்பல்கள் உள்ளே பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைப்போம். பெரிய புயல் வரும்போது நடப்பது நேர்மாறு. கப்பல்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். உள்ளே கட்டிப் போட்டால் சுவரிலும் தளத்திலும் மோதிக் கப்பலும் உடையும், துறைமுகமும் உடையும். ஆழ்கடலில் தப்பிக்க வழி அதிகம். புயல் கூண்டு ஏற்றிய நாட்களில் நைனா வீட்டுக்கு வந்து, "கப்பல் எல்லாம் வெளிய போயிடுச்சு" என்பார். அம்மா உடனே கிளம்பிப் போய் ஆயாவைக் கூட்டிவந்துவிடுவார். எங்கள் வீட்டில் ரேடியோச் செய்தியைவிட அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு.

சரி, அலையை ஒருவழியாகத் தடுத்தாயிற்று. மணலுக்கு வருவோம்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. தென்மேற்குப் பருவத்தில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் உடையும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே நகர்த்தும். வாடைக் காலத்தில் அலை வடக்கிலிருந்து வரும். மணல் தெற்கே போகும். மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். வருடத்தில் தெற்கிலிருந்து தள்ளும் மாதங்கள்தான் அதிகம். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் சென்னைக் கரையோரமாக வடக்கே பயணம் போகிறது. கரை என்று நாம் பார்ப்பது போய்க்கொண்டே இருக்கும் ஒரு மணல் ஆறு.

இதை என் மகளுக்குக் காட்ட ஒரு ஜூலை மாதம் திருவான்மியூர்க் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அலை வந்து திரும்புகிற ஈர இடத்தில் உடைந்த செங்கற்களை ஒன்றையொன்று ஒட்டி, கரையிலிருந்து தண்ணீரை நோக்கி ஒரு முழ நீளத்துக்கு வைத்தோம். உட்கார்ந்து பார்த்தோம். ஐந்தாறு அலைக்குள் தெற்குப் பக்கம் மணல் சேர ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் செங்கல்லின் விளிம்பு வரை ஏறிவிட்டது. வடக்குப் பக்கம் குழி. தண்ணீர் அங்கே சுழன்று சுழன்று மணலைச் சுரண்டிக்கொண்டு போனது. மகள் வடக்குப் பக்கக் குழியை அடைக்க இன்னொரு செங்கல்லை அங்கே வைத்தாள். அதற்கு வடக்கே புதுக் குழி விழுந்தது. அவள் மூன்றாவது செங்கல்லைத் தேடி எழுந்து போனபோது எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சென்னையின் வடகரையில் நூறு வருடத்துக்கு மேலாக நடப்பது முழுவதையும் அவளே செய்து காட்டிவிட்டாள்.

பார்க்ஸின் தெற்குச் சுவர்தான் அந்த முதல் செங்கல். சுவர் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் தெற்கே மணல் குவியத் தொடங்கியது. அதற்கு முன் கோட்டைக்குத் தெற்கே அலை இன்றைய சாலைக்குப் பக்கத்திலேயே வந்து போய்க்கொண்டிருந்தது. 1881-ல் ஆளுநராக வந்த கிராண்ட் டஃப் 1884-ல் அந்தக் கரையோரம் உலாவும் பாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். அதன் பிறகும் கரை அகலமாகிக்கொண்டே போனது. சுண்டல் வாங்கிக்கொண்டு நாம் நடக்கிற, நடந்து நடந்து கால் வலித்தாலும் தண்ணீர் வராத அந்த மணல்வெளி, துறைமுகச் சுவர் பிடித்து வைத்திருக்கும் மணல். எல்லோரும் பெருமையாகச் சொல்கிற மெரினாவை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை.

மணல் மெரினாவோடு நின்றுவிடவும் இல்லை. தெற்குச் சுவரை ஒட்டியே நகர்ந்து வாசல் பக்கம் வந்தது. கிழக்கு வாசலில் ஆழம் குறைய ஆரம்பித்தது. 1904-ல் துறைமுகத் தலைவராகப் பொறுப்பேற்ற சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தையே திருப்பிப் போட்டார் என்று சொல்லலாம். கிழக்கு வாசலை மூடிவிட்டு, வடகிழக்கு மூலையில் புது வாசல் திறந்து, அதற்கு மறைப்பாக வெளியே ஒரு சுவரை நீட்டினார். 1911 வாக்கில் அந்த வேலை முடிந்தது. கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இந்த ஸ்பிரிங் தலைவராக இருந்த துறைமுகப் பொறுப்புக் கழகத்தில்தான். அவருக்குக் கேம்பிரிட்ஜ் வழி திறக்கவும் ஸ்பிரிங் உதவினார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரிங் சென்னைத் துறைமுகத்தையொட்டி மணல் எப்படிப் பயணிக்கிறது என்று பொறியாளர்களுக்காக விரிவான ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. அது 1913-ல் அச்சாயிற்று.

அந்த வருடத்தை நான் மறக்கமாட்டேன். சுவர் மணலைத் தடுக்கிறது, தெற்கே சேர்கிறது, வடக்கே அரிக்கிறது என்பது 1913-க்குள் அச்சில் இருக்கிற விஷயம். என் ஆயா அப்போது பிறக்கவே இல்லை. அவருடைய குப்பத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்துகொள்ள வழி அப்போதே இருந்தது.

ஆயா சொல்வார்: அவர் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று தெரு இருந்தது. மூன்று தெருவுக்கும் அப்பால் வலை காயப் போடும் மணல். அதற்கும் அப்பால் கட்டுமரம் ஏற்றி வைக்கும் மணல். எனக்கு நினைவு தெரிந்தபோது இருந்தது ஒரே ஒரு தெரு. மற்ற இரண்டும் ஒரு நாளில் போகவில்லை. ஒவ்வொரு வாடையிலும் ஒரு வீட்டின் பின்சுவர், ஒரு திண்ணை, ஒரு கிணறு என்று போயின. கிணறு போனதைச் சொல்லும்போது மட்டும் ஆயாவின் குரல் மாறும். அலை சுற்றியிருந்த மணலைக் கரைத்துவிட, கிணற்றின் உறைகள் மட்டும் வெளியே தெரிந்து, கடலுக்குள் குழாய் மாதிரி கொஞ்ச நாள் நின்றனவாம். "நான் தண்ணி மொண்ட கெணறுடா. அத கீழ இருந்து பாத்தேன்" என்பார்.

அப்புறம் கல் வந்தது. கடல் அரிக்கிறதா, கொட்டு கருங்கல்லை. லாரி லாரியாக வந்து இறங்கிய அந்தக் கல்லால் மிச்சமிருந்த தெரு பிழைத்தது என்பது உண்மை. எண்ணூர் நெடுஞ்சாலையும் அந்தக் கல்லால்தான் நிற்கிறது. அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்பதை வடசென்னைக்காரர்கள் தினமும் பார்க்கிறோம். ஆனால் கல் போட்ட இடத்தில் மணல் திரும்பி வருவதில்லை. மணல் இல்லாத இடத்தில் கட்டுமரத்தை ஏற்ற முடியாது. பெரியவலை இழுக்க முடியாது. பெரியவலை என்றால், வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு, இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர் கரையில் நின்று கயிறு இழுப்பது. இழுப்பவர்களுக்குக் கால் ஊன்ற மணல் வேண்டும், பின்னால் நகர இடம் வேண்டும். கருங்கல் மேல் நின்று யார் இழுப்பது? எங்கள் தாத்தா காசிமேட்டுக்கு மாறிப்போய் இன்னொருவர் விசைப்படகில் கூலிக்கு ஏறினார். வீடு தப்பியது, தொழில் போனது. அரிப்பைப் பற்றிய பேச்சில் எத்தனை வீடு என்று கேட்பார்கள். எத்தனை வலை என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஓரிடத்தில் கல் போட்டால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று அது வடக்கே ஏறிய வழி வடசென்னையில் எல்லோருக்கும் தெரியும். 2000-களில் கரைக்குக் குறுக்கே தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். தூண்டில் முள் மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். இரண்டு வளைவுகளுக்கு நடுவில் சில இடங்களில் மணல் திரும்பவும் சேர்ந்திருக்கிறது. அதை இல்லை என்று சொல்லக் கூடாது. அதில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் பிரச்சினை.

இதற்கிடையில் துறைமுகம் பெரிதாகிக்கொண்டே போனது. கப்பல்கள் பெரிதானால் ஆழம் வேண்டும். ஆழம் வேண்டுமென்றால் சுவர் இன்னும் கடலுக்குள் போக வேண்டும். 1964-ல் ஜவஹர் டாக் என்ற கப்பல் தளம். 1970-களில் எண்ணெய்க் கப்பலுக்கும் இரும்புத்தாது கப்பலுக்கும் வெளியே பாரதி டாக், அதற்கு நீண்ட வெளிச்சுவர். 1983-ல் கன்டெய்னர் முனையம். பக்கத்திலேயே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தனிச் சுவர்கள். 2001-ல் எண்ணூரில் இன்னொரு பெரிய துறைமுகம், அதற்கும் இரண்டு சுவர்கள், வடக்கே இருப்பது மட்டும் மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

ஆழத்தில் சுவர் கட்டுவது என்றால் கூடுதல் கல் கொட்டுவதோடு முடியாது. அலையின் உயரம் இரண்டு மடங்கானால், அதைத் தாங்கும் மேல்கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். அந்த எடைக்கு மலையில் கல் வெட்டி எடுக்க முடியாமல் போகும் கட்டத்தில்தான் காங்கிரீட் வார்ப்புகள் வருகின்றன. நான்கு பக்கமும் கால் நீட்டிக்கொண்டு நிற்குமே, டெட்ராபாட், அது 1950-ல் பிரான்சில் பிறந்தது. கால்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் சந்துகளில் அலை நுழைந்து நுரைத்து வேகம் இழந்துவிடும். அலையை முட்டி நிறுத்தாமல் களைக்க வைப்பது. 1881-ல் செங்குத்தாக நின்று அடி வாங்கிய சுவருக்கும் இதற்கும் நடுவில் எழுபது வருடப் பாடம் இருக்கிறது. அலையைப் பற்றிப் பொறியியல் இவ்வளவு கற்றுக்கொண்டது. மணலைப் பற்றியும் கற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குச் செலவு செய்யத்தான் நமக்கு மனம் வரவில்லை.

செய்யக்கூடிய காரியம்தான் இது. விசாகப்பட்டினத்தில் 1930-களில் துறைமுகம் திறந்தபோதே இரண்டு பழைய கப்பல்களில் கல் நிரப்பி வாசலுக்குத் தெற்கே மூழ்கடித்து, அதன் மறைவில் மணல் சேரும்படி செய்தார்கள். சேரும் மணலைத் தூர்வாரி வடக்கே உள்ள கரைக்கு அனுப்புவது அங்கே பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 1986-லிருந்து சுவருக்குத் தெற்கே கடலுக்குள் ஒரு பாலம் போட்டு, பம்பு வைத்து மணலை உறிஞ்சி, குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். சுவர் மறித்த மணலை, சுவர் கட்டியவர்களே கை மாற்றிவிடுவது. நம் பக்கத்தில் புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் கட்டியபோது இந்த ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. ஒழுங்காக நடக்கவில்லை. புதுச்சேரியின் கடற்கரை போய்க் கல் வந்தது. கல்லுக்கு வடக்கே கோட்டக்குப்பம், அதற்கும் வடக்கே பொம்மையார்பாளையம் என்று அதே கதை. பல வருடம் கழித்து, கடலுக்குள் இரும்பாலான செயற்கைப் பாறைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகுதான் கொஞ்சம் மணலைத் திரும்பப் பார்த்தார்கள்.

துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நைனா மாதிரி எத்தனையோ ஆயிரம் பேரை அது வாழ வைத்திருக்கிறது. வாசலில் ஆழம் குறைந்தால் துறைமுகம் கேள்வி கேட்காமல் தூர்வாருகிறது, ஏனென்றால் கப்பல் வர வேண்டும். இழுவைப் படகுகளுக்கு வருடா வருடம் பணம் ஒதுக்குகிறது. வடக்கே போக வேண்டிய மணலை வடக்கே அனுப்பும் செலவும் அதே பட்டியலில், அதே மாதிரி கட்டாயமாக இருக்க வேண்டும் என்கிறேன். சுவர் நிற்கும் வரை அந்தச் செலவும் நிற்கக் கூடாது. சுவர் கட்ட இவ்வளவு கோடி என்று அறிவிக்கும்போது இந்தக் கணக்கும் சேர்ந்து வரட்டும். இப்போது அந்தச் செலவைக் கட்டிக்கொண்டிருப்பது குப்பங்கள்தான்.

எண்ணூருக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் பேச்சு வந்ததிலிருந்து பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்க்கிறார்கள். அங்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருப்பது குறுகலான மணல் திட்டுதான். அது கரைந்தால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று அவர்களைப் பேசுகிறவர்கள் ஒரு முறை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அந்தக் கல்லோரமாக நடந்து வரட்டும். அவர்கள் பயப்படுவது கற்பனைக்கு அல்ல.

ஆயாவுக்கு எழுபது வயது தாண்டிய பிறகு ஒரு முறை மெரினாவுக்கு அழைத்துப் போனேன். வாழ்நாள் முழுக்கக் கடலோரத்திலேயே இருந்தவர். மெரினாவை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார், இறங்கி நடந்ததில்லை. சாயங்கால நேரம், நல்ல கூட்டம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே இருந்தார். பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நின்று, திரும்பிச் சாலையைப் பார்த்தார். அப்புறம் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார்.

"இன்னாடா, எம்மாம் எடம்!" என்றார்.

பலூன் சுடும் கடைகள், குதிரை, பட்டம் விற்பவர்கள் எதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் கையை நீட்டி அளந்தார். "இந்தாண்ட ஒரு கயிறு. அந்தாண்ட ஒரு கயிறு. பத்து வலை விடலாம்டா இங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்காம இழுக்கலாம்."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருட்டுகிற வரை எழுந்திருக்கவே இல்லை.